தொட்டியில் சேரும் உப்புக்கு ஐந்தொகை: மறுசுழற்சிப் பசுமைக்குடிலுக்கு முழுமையான வழிகாட்டி

போன கோடையில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். மண்ணில்லாமல், ஒரே உரக் கரைசலைத் தொட்டியிலிருந்து திரும்பத் திரும்பச் சுற்றவிடும் மறுசுழற்சி முறையில் வெள்ளரி போட்டு 40 நாள். நேரில் போனேன். கீழ் இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டிருந்தது. புது இலை வெளிறிப்போயிருந்தது. அவர் ஈசி மீட்டரைத் தொட்டியில் முக்கிக் காட்டினார். "பாருங்கண்ணே, 2.0. நீங்க சொன்னதுதானே?" மீட்டர் சொன்னது உண்மை. ஆனால் அந்த 2.0-வில் ஏறக்குறைய பாதி சமையல் உப்பு. பயிர் அரைவயிறுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஈசி மீட்டர் தண்ணீரின் மின்கடத்துத்திறனை (அலகு: சென்டிமீட்டருக்கு மில்லிசீமென்ஸ்) அளந்து, அதில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது நைட்ரேட்டா சோடியமா என்று அதற்குத் தெரியாது. செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் எடுத்துக்கொண்டு, சோடியத்தையும் குளோரைடையும் பெரும்பாலும் தொட்டியிலேயே விட்டுவிடுகிறது. நாம் மறுபடி போர் தண்ணீரை ஊற்றுகிறோம், கூடவே புது சோடியமும் வந்து சேருகிறது. மறுசுழற்சித் தொட்டிக்கு வரவு உண்டு, செலவு இல்லை. அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல் உப்புக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) போட்டுப் பழகிய செட்டிநாடு இது; தொட்டிக்கும் ஒன்று போடுவோம்.

கீழே உள்ள வரிசை முக்கியம். முதல் நான்கும் நாற்று நடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஈசி மீட்டர் ஒன்று, பிஎச் (அமில-கார அளவு) மீட்டர் ஒன்று, இரண்டையும் சரிபார்க்கும் கரைசல்கள். ஈசிக்கு 1.413 மில்லிசீமென்ஸ் கரைசலும், பிஎச்சுக்கு 4, 7 இரண்டும் போதும். 15 நாளைக்கு ஒரு முறை சரிபாருங்கள். கரைந்த உப்பை நேரடியாக எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வேண்டாம். அது ஈசியைத்தான் அளக்கும். பிறகு சில மீட்டர்கள் 500-ஆலும் சில 700-ஆலும் பெருக்கிக் காட்டும். உங்கள் 1000-மும் பக்கத்துத் தோட்டத்து 1000-மும் ஒன்றாக இருக்காது.

அடுத்தது தண்ணீர் மீட்டர். வீட்டுக் குழாய்க்கு மாட்டுகிற சாதாரண மீட்டர்தான். தொட்டியை நிரப்பும் குழாயில் அதை மாட்டுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டு இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எத்தனை லிட்டர் உள்ளே போனது என்று தெரியாவிட்டால் கணக்கே போட முடியாது.

தொட்டியின் அடியில் ஒரு வடிகால் வால்வு, மழைநீருக்குத் தனித் தொட்டி, ஒரு நோட்டு. தொட்டியை நிழலில் வையுங்கள். முடிந்தால் பாதி அளவு மண்ணில் புதையுங்கள். சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டியின் தண்ணீர் கையில் சுடும். அந்தச் சூட்டில் வேருக்குக் காற்று பற்றாது, உப்பின் தாக்கமும் கூடும்.

2. தண்ணீரைச் சோதித்து, இரண்டு எண்களைத் தேடுங்கள்

போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரும் பார்ப்பார்கள். ஈசி, பிஎச் மட்டும் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். சோடியம், குளோரைடு, கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாம் கேளுங்கள். அறிக்கை மில்லி ஈக்விவலண்டில் வந்தால் சோடியத்தை 23-ஆலும் குளோரைடை 35.5-ஆலும் பெருக்குங்கள், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைத்துவிடும்.

உலக உணவு வேளாண்மை அமைப்பின் 1985-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஈசி 0.7-க்குக் கீழே உள்ள தண்ணீர் பாசனத்துக்குத் தடையில்லாதது, 3-க்கு மேல் கடும் கட்டுப்பாடு வேண்டியது. அது வயலுக்கு. வயலில் மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும், தொட்டியில் போகாது. அதனால் மறுசுழற்சிக்கு நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன். லிட்டருக்குச் சோடியம் 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. 70 வரை சமாளிக்கலாம். 100 தாண்டினால் மழைநீர் கலக்காமல் இறங்காதீர்கள்.

ஐப்பசியில் ஒன்று, வைகாசியில் ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு முறை சோதியுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க அதே போரிலேயே தண்ணீர் உவராக மாறும். மழைக்காலத்து அறிக்கையை வைத்துக்கொண்டு கோடைப் பயிரை நட்டவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

3. மழைநீரைச் சேருங்கள், கோடைக்கு ஒதுக்குங்கள்

நம் வீடுகளில் ஓட்டுச் சரிவு நான்கும் முற்றத்தைப் பார்த்து இறங்கும். மழை வந்தால் அண்டாவும் கிடாரமும் வரிசையாக வந்து உட்காரும். பசுமைக்குடிலின் கூரையும் அதே வேலையைச் செய்யும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழைக்கு 50,000 லிட்டர். சிந்தல், சிதறல் கழித்து 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஆறு மாதப் புழுதி அதில்தான் வரும். துத்தநாகம் பூசிய தகர வடிகால் வழியாகத் தண்ணீர் வந்தால் துத்தநாகமும் கரைந்து வரும். பிவிசி நல்லது. சேமிக்கும் குட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். திறந்து கிடந்தால் கோடையில் நீர் ஆவியாகிப் போகும், இருக்கிற கொஞ்ச உப்பும் செறிந்துவிடும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மார்கழியில் குட்டை நிறைந்திருக்கிறது என்று முழு மழைநீரிலேயே ஓட்டுவார்கள். பங்குனியில் குட்டை காலி. சித்திரை, வைகாசிக்கு வெறும் போர் தண்ணீர். ஆனால் செடி அதிகம் குடிப்பது அந்த இரண்டு மாதத்தில்தான். எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு ஊற்றுகிறோம், அவ்வளவு சோடியம் உள்ளே வருகிறது. குளிர் மாதங்களில் போர் தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து ஓட்டிவிட்டு, மழைநீரைக் கோடைக்கு மிச்சம் பிடியுங்கள். அதே அளவு மழைநீரால் கூடுதல் பலன் கிடைக்கும்.

தனி மழைநீரும் வசதி இல்லை. பிஎச்சைத் தாங்கிப்பிடிக்க அதில் பைகார்பனேட் கிடையாது. ஒரே நாளில் சரிந்துவிடும். கொஞ்சம் போர் தண்ணீர் சேர்ந்தால் கால்சியமும் மெக்னீசியமும் கூட வரும். 100 மில்லிகிராம் சோடியம் உள்ள போர் தண்ணீரில் பாதிக்குப் பாதி மழைநீர் கலந்தால் 50. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆர்.ஓ. போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டில் கல்லுப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். நுரை நன்றாக வரும், பயிர் நன்றாக வராது.

4. பின்வாசல் வழியாக வரும் உப்பைத் தடுத்துவிடுங்கள்

தண்ணீரைச் சரிசெய்துவிட்டு, உர மூட்டையோடு உப்பை உள்ளே விடுகிறவர்கள் அதிகம். கடையில் விலை குறைவு என்று தரும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் பொட்டாசியம் குளோரைடு. அதில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடு. பொட்டாசியத்துக்கு, மூட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்து, 13:0:45, 0:0:50, 0:52:34 இவற்றில் வாங்குங்கள். 19:19:19 வயல் சொட்டுநீருக்கானது. அதில் வரும் யூரியாவை ஈசி மீட்டர் காட்டவே காட்டாது, மண்ணில்லாத தொட்டியில் செடிக்கு உடனே உதவவும் உதவாது.

பிஎச் குறைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் குளோரைடு ஏறும். நைட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலம் போட்டால் அதில் வருவதும் பயிருக்குச் சோறுதான். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். பிஎச் ஏற்றக் காஸ்டிக் சோடா வேண்டாம், அது நேரடிச் சோடியம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் கார்பனேட்டோ போடுங்கள்.

தென்னை நார்க்கழிவு இன்னொரு வாசல். தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் சோடியமும் குளோரைடும் நார்த்தூளில் ஏறியிருக்கும். "கழுவிய சரக்கு" என்று சொல்லித் தருவதை நம்பாதீர்கள். கொஞ்சம் தூளில் நல்ல தண்ணீர் ஊற்றி, பிழிந்து, அந்தச் சாற்றில் ஈசி பாருங்கள். 1-க்கு மேல் இருந்தால் 0.5 பக்கம் வரும்வரை கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து அதில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியம் வெறும் தண்ணீருக்கு விடாது. கால்சியம் போய் அந்த இடத்தைப் பிடித்தால்தான் வெளியே வரும். இதை விட்டால் நட்ட முதல் இரண்டு வாரத்தில் உங்கள் கால்சியத்தைத் தூளே தின்றுவிட்டு, சோடியத்தைத் தொட்டிக்குத் தள்ளும்.

5. தினமும் காலையில் செய்யும் வரிசை

மோட்டாரை ஓடவிட்டு, தொட்டியில் கீறி வைத்த கோடு வரை தண்ணீர் நிரப்புங்கள். மீட்டரில் எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதுங்கள். அரை மணி நேரம் சுற்றவிடுங்கள். அப்புறம் ஈசி பாருங்கள். குறைந்திருந்தால் ஏ கரைசலை (கால்சியம் உள்ள உரம்) ஊற்றி, அது கலந்த பிறகு பி கரைசல் (சல்பேட் உள்ள உரம்). கடைசியில் பிஎச்.

நிரப்புவதற்கு முன் ஈசி பார்த்தால் எண் கூடுதலாகவே இருக்கும். நேற்று நிரப்பியது முதல் செடி குடித்த தண்ணீர் குறைந்திருக்கிறது அல்லவா. அதைப் பார்த்து உரத்தைக் குறைப்பார்கள், பயிர் பட்டினி. பிஎச்சை முதலில் சரிசெய்தால் உரம் ஊற்றியதும் மறுபடி மாறும், அமிலம் வீணாகும். ஏ, பி இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகப் படியும். வாளியின் அடியில் வெள்ளை மாவு போல் கிடப்பது அதுதான்.

வெயில் காலத்தில் முழுச் சத்தோடு கரைசல் தயாரித்து அதையே நிரப்புவதும் தவறு. செடி அப்போது உணவைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் கேட்கும். வெறும் கலப்பு நீரை நிரப்பி, குறைவதை மட்டும் உரத்தால் ஈடுகட்டுங்கள்.

6. ஐந்தொகை போடுதல்

இதுதான் மொத்த வேலையின் மையம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி 1000 லிட்டர். தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சோடியம். நிரப்பிய அன்றே இருப்பு 100 கிராம். செடிகள் நாளுக்கு 100 லிட்டர் குடிக்கின்றன, நீங்கள் 100 லிட்டர் நிரப்புகிறீர்கள். தினசரி வரவு 10 கிராம் சோடியம். அதைச் சமையல் உப்பாகப் பார்த்தால் 25 கிராம். தினமும் காலையில் உள்ளங்கையில் கல்லுப்பை அள்ளித் தொட்டிக்குள் போடுவது போலத்தான் இது.

பத்தாம் நாள் இருப்பு 200 கிராம், அதாவது லிட்டருக்கு 200 மில்லிகிராம். அவ்வளவு சோடியமும் குளோரைடோடு சேர்ந்து வந்திருந்தால் ஈசியில் அது மட்டுமே சுமார் 1.0. மீட்டர் 2.0 காட்டும்போது பயிருக்கான பங்கு 1.0-தான். அந்தத் தம்பியின் தொட்டியில் நடந்தது இதுவே.

சரி, அப்படியானால் ஈசியை 3.0-க்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஏற்றினால் உணவு கிடைக்கும், ஆனால் வேர் தண்ணீரை உறிஞ்சக் கஷ்டப்படும். மதியம் செடி துவளும். தக்காளி கொஞ்சம் தாங்கும், வெள்ளரி தாங்காது, லெட்யூஸ் கொஞ்சமும் தாங்காது.

செடி ஓரளவு சோடியத்தை எடுக்கவும் செய்யும். நான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விட்டுவிட்டால் தவறு நல்ல பக்கமாகவே இருக்கும்.

நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, நிரப்பிய லிட்டர், அன்று வந்த சோடியம், மொத்த இருப்பு. உங்கள் பயிருக்கு ஓர் உச்ச வரம்பை மேலே சிவப்பில் எழுதுங்கள். நான் வைத்திருப்பது லிட்டருக்குத் தக்காளி 180, வெள்ளரி 140, லெட்யூஸ் 100 மில்லிகிராம்.

மாதம் ஒரு முறை தொட்டித் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, நோட்டோடு ஒப்பிடுங்கள். கணக்கில் 150 இருந்து சோதனையில் 200 வந்தால், நீங்கள் எழுதாத வரவு ஒன்று இருக்கிறது. நார்க்கழிவு, உரம், பிஎச் ஏற்றும் மருந்து என்று தேடுங்கள். சோதனையில் குறைவாக வந்தால் முதலில் குழாய் இணைப்புகளைப் பாருங்கள். எங்காவது ஒழுகியிருந்தால் உப்பும் அதோடு போயிருக்கும்.

7. எவ்வளவு வெளியேற்றுவது

வரம்பைத் தொட்டதும் பாதித் தொட்டியைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் உப்பு பாதியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. இருப்பு 200 கிராம் என்றால் பாதியை விட்டபின் மிச்சம் 100. ஊற்றும் 500 லிட்டர் போர் தண்ணீரில் 50. மொத்தம் 150. அடுத்த ஐந்து நாளில் மறுபடி 200.

அதே வேலையை 50 மில்லிகிராம் கலப்பு நீரால் செய்தால் இருப்பு 125-க்கு இறங்கும். தினசரி வரவும் 5 கிராம்தான். 200-ஐத் தொட 15 நாள் ஆகும். வரும் தண்ணீரில் சோடியம் பாதியானால் வெளியேற்றும் இடைவெளி மூன்று மடங்காகிறது. மழைநீர்த் தொட்டிக்குச் செலவு செய்யச் சொல்லி நான் மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

வெளியேற்றுவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே உரம் போடுவதை நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் நிரப்புங்கள். மிச்சமிருக்கும் உணவைச் செடி எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய உரத்தை வாய்க்காலில் விட வேண்டியதில்லை. ஈசி கொஞ்சம் இறங்கும், பயப்படாதீர்கள்.

மாலையில் செய்யுங்கள். உச்சி வெயிலில் தொட்டியைக் காலி செய்தால் குழாய்க் கால்வாயில் உள்ள வேர் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். தக்காளி பழுக்கும் சமயமாக இருந்தால் ஒரே நாளில் முழுதாக மாற்றாதீர்கள். திடீரென்று நல்ல தண்ணீர் கிடைத்தால் பழம் வேகமாக உறிஞ்சித் தோல் வெடிக்கும். இரண்டு நாளில் பாதி பாதியாக மாற்றுங்கள்.

8. பைகளில் வளர்ப்பவர்களுக்கு

தொட்டி சரியாக இருந்தும் பைக்குள் உப்புத் தேங்கலாம். இரண்டு பாட்டில் எடுத்து, ஒன்றைச் சொட்டுவானுக்கு அடியிலும் இன்னொன்றைப் பையின் வடிகாலுக்கு அடியிலும் வையுங்கள். மாலையில் இரண்டிலும் அளவும் ஈசியும் பாருங்கள். ஊற்றியதில் 20 முதல் 30 சதவீதம் வடிய வேண்டும். வடிநீரின் ஈசி சொட்டுநீரைவிட 1-க்கு மேல் கூடியிருந்தால் பைக்குள் உப்பு இருக்கிறது.

அப்போது வெறும் தண்ணீரை விட்டு அலசாதீர்கள். நார்க்கழிவிலிருந்து கால்சியம் கழுவிப் போய்விடும். பாதிச் சத்துள்ள கரைசலை, காலையில், சிறு சிறு தவணையாக இரண்டு நாள் கொடுங்கள். ஒவ்வொரு மாலையும் பாட்டிலைப் பாருங்கள். பை மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதை உள்ளே கழுவிவிடாமல் கையால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

9. இலை சொல்வதைத் தப்பாகப் படிக்காதீர்கள்

உப்பு முதலில் முதிர்ந்த இலையின் ஓரத்தைத் தீய்க்கும். பொட்டாசியக் குறையும் அதே இடத்தில்தான் காட்டும். பொட்டாஷ் போட்டால் உப்பு இன்னும் ஏறும். போடுவதற்கு முன் நோட்டைப் பாருங்கள். தக்காளிப் பழத்தின் அடி கறுத்தால் பழத்துக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். தொட்டியில் கால்சியம் இருந்தும் இப்படி வரலாம். உப்பு கூடினால் வேர் அதை எடுக்கத் திணறும். கால்சியம் நைட்ரேட்டைக் கூட்டும் முன் சோடிய இருப்பைப் பாருங்கள்.

10. வெளியேற்றிய தண்ணீர் எங்கே போகும்

ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகவே கூடாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உள்ள தண்ணீர் போனால் பாசி பிடித்து, ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் கெட்டுவிடும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

தென்னை உப்பைத் தாங்கும். குளோரைடு அதற்கு உணவும்கூட. வடிகால் வால்விலிருந்து தென்னந்தோப்புக்கு ஒரு குழாய் போடுங்கள். ஒரே மரத்துக்கு ஒவ்வொரு முறையும் விடாமல், பாத்தி மாற்றி மாற்றி, சாதாரணத் தண்ணீரோடு சேர்த்து விடுங்கள். எந்தத் தேதியில் எந்த வரிசைக்கு விட்டீர்கள் என்பதையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். போர் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் மரங்களை விட்டுவிடுங்கள். அங்கே விட்டால் அது கீழே இறங்கி, அடுத்த வைகாசி அறிக்கையில் உங்களிடமே திரும்பி வரும்.